எட்டாண்டு அரசி, அறுபதாண்டு அறம்

மேனாம்பேடு முதல் தக்கோலம் வரை: தொண்டைமண்டலத்து வரலாற்றுத் தொடர் – 9

சென்ற இதழில் தக்கோலத்துப் போர்க்களத்தைப் பார்த்தோம். 949-ஆம் ஆண்டு இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படையும் சோழர் படையும் அங்கே மோதின. சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேல் அமர்ந்து போரிட்டபோது, கிருஷ்ணனின் பக்கம் நின்ற கங்க மன்னன் பூதுகன் கையால் மாண்டான். ‘ஆனைமேல் துஞ்சின தேவர்’ என்று சோழர் கல்வெட்டுகள் அவனை நினைவுகூர்கின்றன.

அந்த ஒரு சாவு பலருடைய வாழ்வைத் திருப்பிப் போட்டது. அவர்களுள் ஒருவர், இராசாதித்தனின் தம்பி கண்டராதித்தனுக்கு வாழ்க்கைப்பட்டிருந்த மழநாட்டுப் பெண். மூத்தவன் உயிரோடு இருந்திருந்தால் அவர் ஓர் இளவரசரின் மனைவியாகவே இருந்திருப்பார். தக்கோலம் அவரைச் சோழநாட்டின் அரசியாக்கியது. ஏறத்தாழ எட்டே ஆண்டுகளில் அரசர் மறைந்தார், அரியணை வேறு கிளைக்குப் போயிற்று. வரலாறு அவரைச் செம்பியன் மாதேவி என்ற பட்டப்பெயரால் அறிகிறது.

மேனாம்பேட்டில் தொடங்கிய இந்தத் தொடருக்கு அவர் அயலார் அல்லர். அம்பத்தூரில் அரக்கோணம் போகும் மின்தொடர் வண்டியில் ஏறினால் அடுத்த நிறுத்தம் திருமுல்லைவாயில். அங்கே மாசிலாமணீசுவரர் கோயிலில் உத்தம சோழன் ஆட்சிக்காலக் கல்வெட்டு ஒன்று, செம்பியன் மாதேவியார் அக்கோயிலுக்கு நிலம் கொடுத்த செய்தியைச் சொல்கிறது. அதே தண்டவாளம் மேற்கே திருவாலங்காட்டைத் தொட்டு அரக்கோணம் போகிறது. அங்கிருந்து சிறிது தொலைவில் தக்கோலம். அந்த அம்மையாரை அரசியாக்கிய களமும், பிற்காலத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்ட கோயிலும் ஒரே ரயில் பாதையை ஒட்டியே கிடக்கின்றன. இந்த இரண்டுக்கும் இடையில் அவர் வாழ்ந்த வாழ்வே இந்த அத்தியாயம்.

பெண் கொடுத்தலும் எடுத்தலும்

பத்தாம் நூற்றாண்டுச் சோழர் வீட்டில் திருமணம் என்பது நாட்டு அரசியலின் பகுதி. படை நடத்திப் பிடித்த நிலத்தை, பெண் கொடுத்தும் எடுத்தும் நிலைநிறுத்தினார்கள். முதலாம் ஆதித்தனின் அரசியருள் ஒருவர் இராட்டிரகூடர் வீட்டுப் பெண்ணான இளங்கோன் பிச்சி. அவன் மகன் முதலாம் பராந்தகன் பழுவேட்டரையர் குடியில் பெண்ணெடுத்தான், அந்த அரசியின் மகன் அரிஞ்சயன். கோக்கிழானடிகள் என்ற அரசியின் மகன் இராசாதித்தன். பராந்தகனின் மகள் வீரமாதேவி, கோவிந்த வல்லவரையர் என்ற இராட்டிரகூட மன்னருக்கு மனைவியானாள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இராட்டிரகூடர் வீட்டோடு இரண்டு தலைமுறை கொண்டும் கொடுத்தும் உறவாடிய சோழர்கள், தக்கோலத்தில் அதே இராட்டிரகூடர் படையிடம்தான் இளவரசனை இழந்தார்கள். அந்தப் பெண்களைச் சுமந்து போன பல்லக்குகள் அமைதியையும் சுமந்து போகும் என்று பெரியவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை பொய்த்தபோது பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவே நின்றவர்கள் அந்தப் பெண்கள்தாம்.

செம்பியன் மாதேவியின் மணமும் இந்த வரிசையில் வந்ததே. கொள்ளிடத்துக்கு வடகரையில் பரந்து கிடந்த மழநாடு, சோழநாட்டின் வடமேற்கு வாசல். அதை ஆண்ட மழவர் தலைவர்கள் சோழருக்கு அடங்கிய குறுநில மன்னர்கள். தலைநகருக்கு அருகில், வடக்கே போகும் வழியில் இருந்த ஒரு குடியைத் தன்பக்கம் இறுக்கிக்கொள்வது பராந்தகனுக்குத் தேவையாக இருந்தது. மழவரையர் மகள் சோழ அரண்மனைக்கு மருமகளாக வந்தார்.

இந்த மணம் 941-ஆம் ஆண்டுக்கு முன்பே நடந்துவிட்டது. பராந்தகனின் 34-ஆம் ஆட்சியாண்டான அந்த ஆண்டுக் கல்வெட்டு ஒன்றில், கோயிலில் விளக்கெரிக்க அவர் கொடுத்த கொடை பதிவாகியிருக்கிறது. நந்தா விளக்கு ஒன்றுக்குப் பொதுவாக 90 அல்லது 96 ஆடுகளை விடுவது அக்கால வழக்கம். ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர்கள் நாள்தோறும் குறித்த அளவு நெய் அளக்க வேண்டும். ஆட்டு மந்தை குறையாமல் பெருகிக்கொண்டே இருக்கும் என்ற கணக்கில் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று எழுதிவைத்தார்கள். அப்போது அவர் கணவர் அரசரும் அல்லர், பட்டத்து இளவரசரும் அல்லர். இரண்டாம் மகனின் மனைவி ஏற்றிய அந்த விளக்குதான் அவருடைய அறப்பணியில் நமக்குக் கிடைக்கும் தொடக்கம்.

சுருங்கிய நாட்டின் அரசி

தக்கோலத்துக்குப் பிறகு மூன்றாம் கிருஷ்ணன் ‘கச்சியும் தஞ்சையும் கொண்ட’ என்ற அடைமொழியோடு தமிழ்க் கல்வெட்டுகளில் கன்னரதேவனாகத் தோன்றுகிறான். தொண்டைமண்டலம் சோழர் கையைவிட்டுப் போயிற்று. நம் பகுதி புழற்கோட்டத்து அம்பத்தூர் நாடு. அதே புழற்கோட்டத்தில் இருந்த திருவொற்றியூரில் கன்னரதேவனின் ஆட்சியாண்டு குறித்த கல்வெட்டே இருக்கிறது.

அந்தக் கல்வெட்டு சொல்லும் கதை மனத்தை உலுக்குவது. இராசாதித்தனிடம் பணிபுரிந்த கேரளத்து வீரர் ஒருவர், தன் தலைவனோடு களத்தில் உயிர்விட முடியாமற் போனதை எண்ணி நாணி, கங்கையில் நீராடி, திருவொற்றியூருக்கு வந்து துறவு பூண்டார். சதுரானன பண்டிதர் என்ற பெயரோடு அங்கிருந்த மடத்தின் தலைவரானார். தோற்ற பக்கத்து வீரர் ஒருவர், வென்றவனின் ஆட்சியாண்டு பொறித்த கல்லில் தன் துயரத்தைப் பதிய வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட காலம் அது.

கண்டராதித்தர் அரசரானது இந்தச் சூழலில். பராந்தகன் இன்னும் சில ஆண்டுகள் உயிரோடு இருந்தான், அவனுடைய ஆட்சிக்காலம் 955 வரை கணக்கிடப்படுகிறது. ஆகவே கண்டராதித்தர் தனித்து ஆண்ட காலம் மிகக் குறைவு. அவருடைய கல்வெட்டுகளும் சிலவே. தமையனை இழந்து, வடக்கை இழந்து, தந்தை கட்டியெழுப்பிய பேரரசு காவிரிக் கரைக்குச் சுருங்கிய நேரத்தில் முடி சூடிய மன்னர் அவர்.

ஆனால் அவரைத் தோற்ற மன்னர் என்று மட்டும் எழுதிவிட்டுக் கடந்துபோவது நியாயமாகாது. தில்லைக் கூத்தன்மேல் அவர் பாடிய திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையில் இடம்பெற்றிருக்கிறது. சைவர்கள் அவரைச் சிவஞான கண்டராதித்தர் என்று போற்றுகிறார்கள். அரியலூர் மாவட்டத்தில் கண்டராதித்தம் என்ற ஊரும் அதன் பேரேரியும் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. பாட்டும் நீரும் விட்டுப்போன அரசர் அவர்.

957-ஐ ஒட்டி அவர் காலம் முடிந்தது. ‘மேற்கெழுந்தருளின தேவர்’ என்று கல்வெட்டு அவரைச் சுட்டுகிறது. மேற்குத் திசைத் தலங்களுக்கு அவர் போனதைக் குறிக்கும் என்பார் சிலர், மறைவைக் குறிக்கும் என்பார் வேறு சிலர். எப்படியாயினும் மழவர் மகள் கையில் எஞ்சியது ஓர் ஆண்குழந்தை. மதுராந்தகன் என்ற அந்தப் பிள்ளை ஆட்சிப் பொறுப்பை ஏற்கும் வயதில் இல்லை. பட்டம் கண்டராதித்தரின் தம்பி அரிஞ்சயனுக்குப் போயிற்று. அவன் சிறிது காலமே ஆண்டு மறைய, அவன் மகன் சுந்தர சோழன் அரியணை ஏறினான். செம்பியன் மாதேவியின் அரசி வாழ்வு அத்தோடு முடிந்தது.

இரண்டு கைம்பெண்கள்

இங்கே இன்னொரு சோழ அரசியையும் நினைக்க வேண்டும். சுந்தர சோழனின் மனைவி வானவன் மாதேவி, திருக்கோவலூர் மலையமான் குடியில் பிறந்தவர். அவரும் நாட்டு உறவுக்காகப் பெண்ணெடுக்கப்பட்டவரே. சுந்தர சோழன் காஞ்சிப் பொன்மாளிகையில் இறந்தபோது அவர் உடன்கட்டை ஏறினார். பால்குடி மாறாத குழந்தையை விட்டுவிட்டு அவர் தீப்புகுந்ததைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு எழுதிவைத்திருக்கிறது. இராசராசனையும் குந்தவையையும் பெற்ற தாய் அவர்.

ஒரே குடும்பம், ஒரே தலைமுறை அளவு இடைவெளி. ஒருவர் தீயில் இறங்கினார். மற்றவர் வாழ்ந்தார். வானவன் மாதேவியின் முடிவைப் புகழ்ந்து பாடக் கவிஞர்கள் கிடைத்தார்கள். அந்தப் புகழை இன்று படிக்கும்போது என் நெஞ்சு கனக்கிறது. தாயில்லாமற் போன அந்தக் குழந்தையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. செம்பியன் மாதேவி தம் பிள்ளையை வளர்த்தார், அவன் அரசனாவதைப் பார்த்தார், அவனுக்குப் பின்னும் பதினாறு ஆண்டுகள் வாழ்ந்தார். வாழ்வது என்ற அந்த முடிவால் தமிழகத்துக்குக் கிடைத்தவற்றைக் கல்லில் எண்ணிப் பார்க்கலாம்.

கல்லாக மாறிய கோயில்கள்

சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொலையுண்ட பின், 970-ஐ ஒட்டி மதுராந்தகன் உத்தம சோழன் என்ற பெயரோடு பட்டத்துக்கு வந்தான். நம் ரயில் பாதையிலுள்ள திருவாலங்காட்டில் கிடைத்த செப்பேடுகள் இதைப் பற்றிப் பேசுகின்றன. மக்கள் அருமொழிவர்மனை விரும்பியபோதும், சிற்றப்பன் நாட்டை விரும்பும் வரை தான் அதை விரும்பமாட்டேன் என்று அவன் ஒதுங்கினான் என்பது அவற்றின் கூற்று. அந்த அருமொழிதான் பின்னாள் இராசராசன்.

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்கள் மனத்தில், மகன் அரசனாவதைத் தடுக்கும் தாயாகச் செம்பியன் மாதேவி பதிந்திருக்கிறார். அது நாவலாசிரியரின் படைப்பு. கல்வெட்டுகளில் நாம் காண்பவர் வேறு. மழவரையர் மகளார், கண்டராதித்த தேவரின் தேவியார், உத்தம சோழரைத் திருவயிறு வாய்த்தவர் என்று அவர் தம்மைக் குறிப்பிட்டுக்கொள்கிறார். மகன் அரசன் என்பதில் ஒரு தாய் கொள்ளும் பெருமிதம் அதில் ஒளிவுமறைவின்றித் தெரிகிறது. மூன்று ஆண்களின் வழியாகத்தான் அவரால் தம்மைச் சொல்லிக்கொள்ள முடிந்தது. அந்தச் சொற்றொடருக்கு அடுத்து வரும் வினைச்சொற்களோ அவருடையவை: எடுப்பித்தார், வாங்கினார், கொடுத்தார்.

அவர் எடுத்துக்கொண்ட பணி, செங்கல்லால் இருந்த பழங்கோயில்களைக் கருங்கல்லால் எடுப்பிப்பது. தேவாரம் பாடிய மூவர் வணங்கிய தலங்கள் பல நூற்றாண்டு மழையில் சிதைந்துகொண்டிருந்தன. கோனேரிராசபுரம், திருக்கோடிகாவல், ஆடுதுறை, திருமணஞ்சேரி, திருவாரூர் அறநெறி, ஆனாங்கூர், விருத்தாசலம், திருவக்கரை என்று அவர் கைபட்ட கோயில்களின் வரிசை நீளும்.

திருநல்லம் என்று தேவாரம் அழைக்கும் கோனேரிராசபுரத்தை அவர் தம் கணவர் பெயரால் எடுப்பித்தார். கண்டராதித்தர் சிவலிங்கத்தை வழிபடும் காட்சி அங்கே சுவரில் சிற்பமாக இருக்கிறது, கீழே எழுத்தும் இருக்கிறது. போரில் நிலம் இழந்த அரசருக்கு அவர் மனைவி தந்த நினைவிடம் அந்தச் சுவர். கட்டிய தச்சரையும் அவர் மறக்கவில்லை. சாத்தன் குணபட்டன் என்ற அரசரண சேகரனின் உருவமும் பெயரும் அங்கே உள்ளன, அவருக்கு இராசகேசரி மூவேந்தவேளான் என்ற பட்டம் வழங்கப்பட்டது. பழங்காலக் கோயில்களில் கட்டியவரின் பெயர் கிடைப்பது எவ்வளவு அரிது என்பதை அறிந்தவர்களுக்கு அந்த வரியின் அருமை புரியும்.

திருக்கோடிகாவலில் அவர் செய்தது என்னை இன்னும் வியக்க வைக்கிறது. பழைய கோயிலைப் பிரித்துக் கற்றளியாக்கும்போது, அங்கே கிடந்த பழங்கற்களில் இருந்த எழுத்துகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் வெட்டச் சொன்னார். ‘இதுவும் ஒரு பழங்கற்படி’ என்ற குறிப்போடு அவை இன்றும் நிற்கின்றன. அவற்றில் சோழருக்கு முந்தைய பல்லவர் காலக் கொடைகளும் உண்டு. தம் குலத்துக்குத் தொடர்பில்லாத பழைய அறங்களும் அழியக்கூடாது என்று எண்ணிய உள்ளம் அது. திருப்பணி என்ற பெயரில் கல்வெட்டுகள் மீது சுண்ணாம்பும் வண்ணமும் பூசப்படுவதையும், மணல்வீச்சால் எழுத்துகள் தேய்வதையும் நம் காலத்தில் பார்க்கிறோம். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஓர் அரசி காட்டிய கவனத்தை நாம் கற்றுக்கொண்டே ஆகவேண்டும்.

சிற்பக்கலையிலும் அவர் காலம் ஒரு திருப்பம். அவர் எடுப்பித்த கோயில்களின் புறச்சுவர்களில் தேவகோட்டங்கள் பெருகின. ஆடவல்லான் புறச்சுவர்க் கோட்டத்தில் இடம்பெறுவது இவர் கோயில்களில்தான் நிலைபெற்றது. இவர் காலத்துச் செப்புத் திருமேனிகளின் மெல்லிய நளினத்தைக் கண்டு, அந்தப் பாணிக்கே செம்பியன் மாதேவியின் பெயரைக் கலை வரலாற்றாளர்கள் வைத்திருக்கிறார்கள்.

திருமுல்லைவாயிலில் ஒரு நிலக்கொடை

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம். திருமுல்லைவாயில் சுந்தரர் பாடிய தலம். சீர்காழிக்கு அருகே இதே பெயரில் இன்னொரு தலம் இருப்பதால் இதை வடதிருமுல்லைவாயில் என்பார்கள். முல்லைக்கொடியில் யானையின் கால் சிக்க, தொண்டைமான் வாளால் கொடியை வெட்டியபோது லிங்கத்தின்மேல் வாள் பட்டது என்பது தலபுராணம். அந்தத் தழும்புக்காக ஆண்டு முழுதும் சந்தனக் காப்பு. கருவறைக்கு முன்னே நிற்கும் இரண்டு வெள்ளெருக்குத் தூண்களையும், கோயிலுக்கு முதுகு காட்டி அமர்ந்த நந்தியையும், கொடியிடை நாயகியையும் இந்த வட்டாரத்தார் யாரும் அறிவார்கள். யானையின் பின்புறம் போல வளைந்த தூங்கானை மாடக் கருவறை, தொண்டைநாட்டுக் கோயில்கள் பலவற்றில் காணும் அழகு.

இந்தக் கோயிலுக்குத்தான் செம்பியன் மாதேவியார் நிலம் கொடுத்தார். சோழர் காலத்தில் இப்படிப்பட்ட கொடைக்கு ஒரு முறை உண்டு. அரச குடும்பத்தாராயினும் பிறர் நிலத்தை எடுத்துக் கொடுத்துவிட முடியாது. உடையவரிடமோ ஊர்ச்சபையிடமோ விலை கொடுத்து வாங்க வேண்டும். நான்கெல்லை குறிக்க வேண்டும். வரி நீக்கி இறையிலியாக்க வேண்டும். விளைச்சலிலிருந்து எந்த வழிபாட்டுக்கு எவ்வளவு என்று எழுத வேண்டும். அதன் பிறகே கல்லில் வெட்டுவார்கள். அத்தகைய ஒரு பதிவு, அந்த மண்ணில் இப்போது யாருடைய ஆணை செல்கிறது என்பதற்கும் சான்று.

கன்னரதேவனின் ஆட்சியாண்டு எழுதப்பட்ட அதே புழற்கோட்டத்தில், தக்கோலத்துக்குப் பின் முப்பது ஆண்டுகள் ஆவதற்குள்ளோ அல்லது சற்றே கடந்தோ, உத்தம சோழனின் ஆட்சியாண்டு எழுதப்படுகிறது. சுந்தர சோழன் காலத்திலும் அதன் பின்னும் சோழர்கள் வடக்கே மீண்டு வந்திருந்தார்கள். கண்டராதித்தர் ஆள முடியாமற்போன மண் அது. அவர் மகனின் பெயர் அங்கே கல்லேறியபோது, உடன் ஏறியது அவர் மனைவியின் பெயர். படை மீட்ட நிலத்தில் விளக்கும் அமுதும் பூசையும் நிலைக்க வேண்டும் என்று நிலம் தந்தவர் அவர். அம்பத்தூர் நாட்டு உழவருக்கும் இடையருக்கும் பூசகருக்கும் சோழ அரசு மீண்டும் வந்துவிட்டது என்பதை, வாளை விட ஆழமாகச் சொல்லியிருக்கும் இந்தக் கொடை.

இராசராசன் காலத்துப் பெரிய பிராட்டி

985-இல் உத்தம சோழன் மறைந்தான். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் கொடைகள் அத்தோடு நின்றுவிடவில்லை. இராசராசன் ஆட்சியிலும் அவருக்கு இருந்த மதிப்பு குறையவில்லை. உத்தம சோழனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன், இராசராசனின் கீழ்க் கோயில் கணக்குகளை ஆராயும் உயர் பொறுப்பில் இருந்தான். பட்டம் கைமாறிய வீடுகளில் எதிர்க்கிளைப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதை உலக வரலாறு முழுதும் இரத்தத்தில் எழுதி வைத்திருக்கிறது. இங்கே அந்தப் பேரன் பாட்டியின் பணியைத் தொடர்ந்தான்.

நாகப்பட்டினத்துக்கு அருகே செம்பியன் மாதேவி என்றே ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ள கயிலாசநாதர் கோயிலில், அவர் பிறந்த சித்திரைக் கேட்டை நாளைக் கொண்டாட உத்தம சோழனின் தேவியர் பலர் கொடை வைத்தார்கள். மாமியாரின் பிறந்தநாளுக்கு மருமகள்கள் சேர்ந்து வைத்த அறக்கட்டளை! இராசேந்திரன் காலத்தில் அவருடைய திருவுருவமே அந்தக் கோயிலில் எழுந்தருளுவிக்கப்பட்டது.

இராசராசனின் 16-ஆம் ஆட்சியாண்டான 1001-இல் திருவக்கரைக் கோயில் கற்றளியாயிற்று. அவரைப் பற்றிய கடைசிப் பதிவுகளில் அது ஒன்று. 941-இல் விளக்கு வைத்த இளம் மருமகள், அறுபது ஆண்டு கழித்தும் கோயில் எடுப்பித்துக்கொண்டிருந்தார்.

அரசியாக இருந்தது எட்டு ஆண்டு. அதுவும் தந்தையர் பேசி முடித்த மணத்தாலும், தக்கோலத்துப் போராலும் வந்தது. இரண்டிலும் அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மீதி ஐம்பத்திரண்டு ஆண்டில் அவர் செய்தவை அவரே தேர்ந்தவை. கண்டராதித்தரின் வெற்றிகளைப் பாட மெய்க்கீர்த்தி எதுவும் இல்லை. அவர் முகத்தை நாம் காணும் சுவர் மட்டும் இருக்கிறது, அதை எடுப்பித்தவர் அவர் மனைவி. சோழர் வரலாற்றை இராசராசனிலும் இராசேந்திரனிலும் தொடங்கி முடிக்கும் நம் பாடநூல்கள், அவர்களுக்கு முன்னே கல்லையும் கணக்கையும் கலையையும் ஒழுங்குபடுத்திவைத்த இந்த அம்மையாருக்கு முழு அத்தியாயம் ஒன்று ஒதுக்க வேண்டும். அம்பத்தூர், ஆவடிப் பள்ளிகளின் ஆசிரியர்கள் அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. திருமுல்லைவாயில் அருகிலேயே இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப் போய் அவர் பெயரைச் சொல்லிக் கொடுங்கள்.

அடுத்த இதழில்: சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள உத்தம சோழனின் செப்பேடு. காஞ்சி ஊரகப் பெருமாள் கோயிலின் கணக்கு வழக்குகளை நெசவாளர்கள் கையில் ஒப்படைத்த கதை.